சிட்னிக்குத் தெற்கே ஒரு சீப்புச் சாலை

ஆஸ்திரேலிய வரைபடத்தை முதன்முதலில் விரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு மயக்கம் வரும். சிட்னியும் மெல்பர்னும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். கரையோரமாகவே போய்விடலாம், வழியெல்லாம் கடல், நாலு நாள் போதும் என்று தோன்றும். பிள்ளைகளைப் பார்க்க சிட்னிக்கு வரும் பெற்றோர், ஒரு வாரம் விடுப்பு எடுத்த மகன், கூடவே பேரப்பிள்ளைகள் என்று ஒரு கார் நிறைய ஆட்களோடு இந்தத் திட்டம் பல வீடுகளில் தயாராகிறது. என் அக்கா வீட்டிலும் தயாராகியிருந்தது. அத்தான் அதைக் கணினியில் கட்டம் கட்டமாக அடித்து, காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை நேரம் குறித்து வைத்திருந்தார்.

"மாப்ளே, எப்படி இருக்கு?" என்றார்.

"அத்தான், இதுல எல்லாம் இருக்கு. கடல்ல கால் நனைக்கத்தான் நேரம் இல்ல" என்றேன்.

கரையோரப் பாதையில் சிட்னியிலிருந்து மெல்பர்ன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நெடுஞ்சாலையில் கடல் பெரும்பாலும் கண்ணில் படாது என்பது. 1920இல் வேல்ஸ் இளவரசர் ஆஸ்திரேலியா வந்ததன் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட பிரின்சஸ் நெடுஞ்சாலை, கரையிலிருந்து சற்று உள்ளே, யூகலிப்டஸ் காட்டுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே ஓடுகிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் இடது பக்கம் திரும்பி, ஒரு கிளைச் சாலையில் ஐந்து, பத்து, சில இடங்களில் இன்னும் கூடுதலான கிலோமீட்டர் போக வேண்டும். அந்தக் கிளை கடற்கரையில் முட்டி நின்றுவிடும். அடுத்த கடற்கரைக்குப் போக, வந்த வழியே திரும்பி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இந்தச் சாலை ஒரு சீப்பு. நெடுஞ்சாலை அதன் முதுகு, கிளைச் சாலைகள் பற்கள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு கடற்கரை.

இதைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் போகவர நேரம் செலவாகும் என்பதால், நாளொன்றுக்கு இரண்டு பற்களுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. மூன்று நாள் கையில் இருந்தால் ஜெர்விஸ் குடா வரை போதும். அது சிட்னியிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஐந்து நாள் இருந்தால் 350 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் நருமா வரை போகலாம். எத்தனை நாளானாலும் படுக்கும் இடம் இரண்டைத் தாண்ட வேண்டாம். தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதைப் போல ஓய்வைக் கெடுப்பது வேறில்லை.

எப்போது போவது? டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய அங்கே கோடை, பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கரையோர ஊர்கள் நிரம்பி வழியும், அறை வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் இலையுதிர் காலம்தான் இந்தக் கரைக்கு நல்ல பொழுது. கோடையில் சூடேறிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, கூட்டமோ ஈஸ்டர் விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கலைந்திருக்கும். குளிக்க வேண்டாம், திமிங்கிலம் பார்த்தால் போதும் என்பவர்கள் குளிர்காலத்திலும் வரலாம். மே முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இந்தக் கரையை ஒட்டி வடக்கே போய்த் திரும்புகின்றன. செப்டம்பருக்குப் பிறகு தெற்கே திரும்பும் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு வரும். ஆனால் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சீப்புக்கு விதிவிலக்கான இடம் ஒன்று உண்டு, அது பயணத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. சிட்னியின் தெற்கு விளிம்பில் ராயல் தேசியப் பூங்கா. 1879இல் அறிவிக்கப்பட்டது. உலகில் இதைவிடப் பழைய தேசியப் பூங்கா அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் என்பார்கள். பூங்காவைக் கடந்து வந்தால் ஸ்டான்வெல் டாப்ஸில் பால்ட் ஹில் என்ற மொட்டைக் குன்று. அங்கே காரை நிறுத்தி இறங்கினால், வலப்பக்கம் இல்லவாரா மலைச்சரிவு சுவராக எழுந்து நிற்க, அதன் காலடியில் கடல் வந்து மோதுவது தெரியும். மலைக்கும் கடலுக்கும் நடுவே சாலைக்கு இடமே இல்லை. குன்றின் விளிம்பிலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு ஆட்கள் காற்றில் குதித்துக்கொண்டிருப்பார்கள். 1894 நவம்பரில் இந்தக் கரையில்தான் லாரன்ஸ் ஹார்கிரேவ் தான் செய்த நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டி, அவற்றில் தொங்கித் தரையிலிருந்து சுமார் ஐந்து மீட்டர் மேலெழுந்தார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு.

அவர் பெயரைத் தாங்கிய சாலைதான் கீழே போகிறது. மலையிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்துகொண்டே இருந்ததால் 2003இல் அதை மூடினார்கள். மலையோடு மல்லுக்கட்டி ஆகாது என்று, 2005இல் சாலையையே கடலுக்குள் தள்ளிக் கட்டினார்கள். அதுதான் சீ கிளிஃப் பாலம். 665 மீட்டர் நீளம், இரண்டு வளைவுகள், கீழே அலை. ஓட்டிக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓரமாக நடைபாதை இருக்கிறது. தெற்கு முனையில் காரை நிறுத்திவிட்டு நடந்து போய் வந்தால்தான் பாலம் பார்த்த மாதிரி.

இங்கேயே தமிழர்களுக்கு இன்னொரு நிறுத்தமும் உண்டு. பால்ட் ஹில்லுக்குச் சற்று உள்ளே ஹெலன்ஸ்பர்க். 1985இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கிறது. பெருமாளுக்கும் சிவனுக்கும் ஒரே வளாகத்தில் சந்நிதிகள். சிட்னியின் மேற்குப் புறநகர்களான பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கும் குடும்பங்கள் புதுக் கார் வாங்கினால் பூஜை போட முதலில் ஓட்டிவருவது இங்கேதான். வார இறுதியில் கோயில் உணவகத்தில் தோசை கிடைக்கும். அர்ச்சனை, தோசை, காபி, பிறகு கடல் என்று பயணத்தைத் தொடங்கினால் வீட்டுப் பெரியவர்கள் சாயங்காலம் வரை எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கரையில் இந்தியர்களின் காலடி பதிந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு. 1796இல் கல்கத்தாவிலிருந்து சாராயப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குக் கிளம்பிய 'சிட்னி கோவ்' என்ற கப்பல், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் தரைதட்டியது. உதவி கேட்டு வர, பதினேழு பேர் ஒரு நீளப் படகில் புறப்பட்டார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் லாஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள். படகும் இன்றைய விக்டோரியா கரையில் உடைந்தது. மார்ச் நடுவில் அவர்கள் சிட்னியை நோக்கிக் கரையோரமாக நடக்கத் தொடங்கினார்கள். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி எந்த ஐரோப்பியனும் அதற்கு முன் கால்வைக்காத நிலம். வழியில் அந்த மண்ணின் மக்கள் பலமுறை அவர்களுக்கு மீன் கொடுத்தார்கள், தங்கள் தோணிகளில் ஆறுகளைக் கடத்திவிட்டார்கள். சில இடங்களில் மோதலும் நடந்தது. பசியும் களைப்பும் ஒவ்வொருவராக நிறுத்திவிட, மே மாதம் சிட்னிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தபோது மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். சரக்குப் பொறுப்பாளர் வில்லியம் கிளார்க், ஒரு வெள்ளைக்கார மாலுமி, ஒரு லாஸ்கர். ராயல் பூங்காவுக்குள் இருக்கும் வாட்டமொல்லா கடற்கரை அந்த இடம் என்பது வழக்கு. இன்று அங்கே குடும்பங்கள் காயலில் குளித்துக்கொண்டிருக்கின்றன.

அவர்கள் வரும் வழியில் பாறையில் நிலக்கரி கண்டு குளிர்காய்ந்திருந்தார்கள். கிளார்க் சொன்னதைக் கேட்டு அதே ஆண்டு ஜார்ஜ் பாஸ் என்ற கடலாய்வாளர் போய்ப் பார்த்து உறுதிசெய்தார். சீ கிளிஃப் பாலத்தின் வடக்கு முனையில் இருக்கும் சிற்றூரின் பெயர் இன்றும் கோல்கிளிஃப். இல்லவாராவின் சுரங்கங்களும் வாலங்காங் நகரமும் பின்னால் வந்தவை. வாலங்காங்கை நிற்காமல் கடந்துபோவதில் தவறில்லை.

முதல் நாளின் அடுத்த நிறுத்தம் கையாமா. 1797 டிசம்பரில் ஒரு சிறு படகில் இங்கே நங்கூரமிட்ட ஜார்ஜ் பாஸ், பாறைத் துளை ஒன்றிலிருந்து கடல் சீறி எழுவதைக் கண்டு எழுதிவைத்தார். அது இன்றும் சீறுகிறது. பழைய எரிமலைப் பாறையில் குகை ஒன்று, குகைக் கூரையில் ஓட்டை. அலை உள்ளே நுழைந்து காற்றை அமுக்க, தண்ணீர் மேலே பீய்ச்சும். நல்ல அலை இருந்தால் 25 மீட்டர் வரை போகும். ஆனால் தென்கிழக்கிலிருந்து அலை வர வேண்டும். பலர் அமைதியான நாளில் வந்து, ஒரு 'குளுக்' சத்தம் கேட்டுவிட்டு ஏமாந்து போகிறார்கள். அன்றைக்கு அலை வடகிழக்கிலிருந்து வந்தால் ஊரின் தெற்குப் பக்கம் இருக்கும் சின்னத் துளைக்குப் போங்கள், அது அப்போதுதான் ஆடும். கிளம்பும் முன் அலை முன்னறிவிப்பைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நடக்கக் கூடியவர்கள் இங்கிருந்து ஜெர்ரிங்காங் பக்கம் போகும் கரையோர நடைபாதையின் ஒரு பகுதியையாவது நடக்கலாம். ஒரு பக்கம் பச்சைப் புல்வெளியில் மாடுகள், மறுபக்கம் செங்குத்தாகக் கடல்.

அடுத்த நாள் காலை ஊரோடு சேர்ந்து எழுந்து, பெர்ரி ஊரில் சூடான இலவங்கப்பட்டை டோனட் ஒன்று வாங்கிக்கொண்டு ஜெர்விஸ் குடாவுக்குப் போகலாம். கூட்டம் ஹையம்ஸ் கடற்கரைக்குத்தான் ஓடும். உலகிலேயே வெள்ளையான மணல், கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். அப்படி ஒரு கின்னஸ் சாதனை கிடையாது. மணல் வெள்ளைதான், மாவு மாதிரி நைசுதான், நடந்தால் காலடியில் கிறீச்சிடவும் செய்யும். ஆனால் அதே மணல் அந்தக் குடா முழுக்கப் பரந்து கிடக்கிறது. விடுமுறை நாளில் ஹையம்ஸில் காருக்கு இடம் கிடைக்காமல் திரும்புவோர் பலர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பூடரி தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே கிரீன் பேட்ச், மரேஸ் கடற்கரை போன்ற இடங்களில் மணலும் நீரும் அதே நிறம், ஆட்கள் குறைவு.

பூடரி இருக்கும் நிலத்துக்குத் தனிக் கதை உண்டு. உள்நாட்டில் தலைநகர் கான்பெராவை அமைத்தவர்கள், தலைநகருக்கென்று ஒரு துறைமுகம் வேண்டும் என்று 1915இல் நியூ சவுத் வேல்ஸிடமிருந்து இந்த முனையை வாங்கினார்கள். துறைமுகம் வரவில்லை, கடற்படைக் கல்லூரி வந்தது. 1995இல் பூங்கா நிலம் ரெக் பே பழங்குடிச் சமூகத்திடம் திரும்பியது. அவர்கள் அதை அரசுக்குக் குத்தகைக்கு விட்டு, அரசோடு சேர்ந்து பூங்காவை நடத்துகிறார்கள். தாவரவியல் தோட்டத்தில், எந்தச் செடி மருந்து, எது உணவு என்ற அவர்களுடைய அறிவு பலகைகளில் விளக்கப்பட்டிருக்கிறது.

பூங்காவின் கிழக்கு ஓரத்தில் கேப் செயின்ட் ஜார்ஜ் கலங்கரை விளக்கத்தின் இடிபாடு. 1860இல் கட்டியது. வடக்கிலிருந்து வரும் கப்பலுக்கு அதன் வெளிச்சம் தெரியாது, தெற்கிலிருந்து வந்தாலும் சரியாகத் தெரியாது. கல் வெட்டும் இடத்துக்குப் பக்கமாக இருக்கிறதென்று இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. கப்பல்கள் கரையில் மோதிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1899இல் குடாவின் வடக்கு முனையில் வேறு விளக்கு கட்டினார்கள். ஆனால் பழைய கோபுரம் பகலில் மாலுமிகளைக் குழப்பியதால், பீரங்கியால் சுட்டு அதை நொறுக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தக்காரரின் வசதிக்குக் கட்டிய கட்டடங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடிபாடு அந்நியமாகத் தோன்றாது.

ஹஸ்கிசன் ஊரிலிருந்து படகில் போனால் குடாவிலேயே நிரந்தரமாக வாழும் டால்ஃபின்களைப் பார்க்கலாம். ஆனால் ஜெர்விஸ் குடாவில் ஒரு முழு நாளை எதுவும் செய்யாமல் கழிப்பதுதான் இந்தப் பயணத்தின் மையம். காலையில் குளியல், மதியம் பூங்கா அடுப்பு. ஆஸ்திரேலியாவின் பொதுப் பூங்காக்களில் இலவச மின் அடுப்புத் தட்டு இருக்கும், பொத்தானை அழுத்தினால் சூடாகும். சமைத்தபின் துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா முந்தின இரவே மசாலா தடவிய மீன் துண்டுகளை எஸ்கி பெட்டியில் ஐஸோடு கொண்டுவந்திருந்தாள். பக்கத்து அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் வாசம் பிடித்து வந்து விசாரித்தார். ஒரு துண்டு அங்கே போனது, இரண்டு சாசேஜ் இங்கே வந்தன. அத்தானின் கட்டம் போட்ட அட்டவணையில் அந்த மதியத்துக்கு இரண்டு ஊர்கள் எழுதப்பட்டிருந்தன. அவர் புல்லில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள்காரர்கள் இங்கிருந்து திரும்பலாம். திரும்பும்போது நெடுஞ்சாலையைப் பிடிக்காமல் மலையேறி கங்காரு பள்ளத்தாக்கு வழியாகப் போங்கள். 1898இல் கட்டிய ஹாம்ப்டன் தொங்குபாலத்தைக் கடந்து, ஃபிட்ஸ்ராய் அருவியைப் பார்த்துவிட்டு சிட்னி சேரலாம். கடலிலிருந்து கிளம்பி மழைக்காட்டுக்குள் நுழைந்து வெளியே வரும் மாற்றம் ஒரே மதியத்தில் நடக்கும்.

தெற்கே தொடர்பவர்களுக்கு அடுத்த பல் மரமராங் தேசியப் பூங்காவின் பெப்ளி கடற்கரை. சாம்பல் நிறக் கங்காருகள் காட்டிலிருந்து இறங்கி, கடற்கரைப் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும். கேமராவைக் கண்டு ஓடாது, ஆனால் உணவு கொடுக்கக் கூடாது. ரொட்டி அவற்றுக்கு நோய் தரும், பழகிவிட்டால் கையையும் பிடுங்கும். அதற்குப் பிறகு கிளைட் ஆற்றின் முகத்தில் பேட்மன்ஸ் பே. சிப்பி சாப்பிடுபவர்கள் இங்கே நின்றே தீர வேண்டும். ஆற்றில் வளர்த்த சிட்னி பாறைச் சிப்பியை அங்கேயே உடைத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கடலையே ஒரு மிடறு குடித்த மாதிரி இருக்கும்.

இந்தப் பகுதிக் காட்டில் மரங்களின் அடிப்பாகம் கரிபிடித்திருக்கும். 2019 டிசம்பர் 31 காலையில் தீ இங்கே கடல் வரை வந்தது. மோகோ, கோபார்கோ, கொஞ்சோலா ஊர்களில் வீடுகள் எரிந்தன. நெடுஞ்சாலை அடைபட்டது, ஓட இடமில்லாத மக்கள் கடற்கரை மணலில் நின்றார்கள், நண்பகலில் வானம் சிவந்து இருண்டது. கரிந்த யூகலிப்டஸ் மரங்களின் தண்டிலிருந்தே அப்புறம் தளிர் கிளம்பியது. கோடையில் இந்தப் பக்கம் வருபவர்கள் தீ எச்சரிக்கைச் செயலியைக் கைபேசியில் வைத்திருப்பதும், நெடுஞ்சாலை ஓரத்துத் தீ அபாயப் பலகையைப் பார்ப்பதும் சம்பிரதாயத்துக்கு அல்ல.

பயணத்தின் கடைசி ஊர் நருமா. முகத்துவாரத்தில் நீரின் நிறம் கண்ணாடிப் பச்சை. மரப்பலகை நடைபாதையில் போனால் கீழே திருக்கை மீன்கள் மிதந்து போகும். அலைத்தடுப்புச் சுவர் ஓரம் நீர்நாய் என்று குழந்தைகள் கத்தும், அது கடல்நாய். ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் மான்டேகு தீவின் பழங்குடிப் பெயர் பாருங்குபா. அங்கே கடல்நாய்க் கூட்டமும், சின்னஞ்சிறு பென்குவின்களும், 1881இல் ஏற்றிய கலங்கரை விளக்கமும் உண்டு. காற்று சாதகமாக இருந்தால் படகு போகும். தெற்கே சில கிலோமீட்டரில் சென்ட்ரல் டில்பா, பழைய மரக் கடைகள் வரிசையாக நிற்கும் சிற்றூர், பாலாடைக்கட்டிக்குப் பேர் போனது. பின்னால் குலாகா மலை. இந்த மண்ணின் யுயின் பழங்குடி மக்களுக்கு அது தாய். 2006இல் அது அவர்களிடம் முறைப்படி திரும்பியது. மலையேற நினைப்பவர்கள் அந்த நினைப்போடு ஏற வேண்டும்.

சில நடைமுறை விஷயங்கள். வண்டி நம்மூர் போல இடது பக்கம்தான் ஓடும். குறுகிய காலம் வரும் பயணிகள் ஆங்கிலத்தில் உள்ள இந்திய உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். கைபேசியைத் தொட்டபடி ஓட்டினால் சாலைமேல் இருக்கும் கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் கடுமை. பள்ளி நேரத்தில் பள்ளி வாசலில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும் கங்காருவும் வோம்பட்டும் சாலைக்கு வரும் நேரம். நான்கு மணிக்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிட்டால் அந்தக் கவலையே இல்லை. கடலில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத கடற்கரையில் தண்ணீர் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கலாம். வடகிழக்குக் காற்று அடித்த மறுநாள் மணலில் நீலக் குமிழ்கள் ஒதுங்கியிருந்தால், அது கொட்டும் சொறிமுட்டை இனம். கொட்டினால் தாங்கக்கூடிய சுடுநீரில் அமிழ்த்துவார்கள். தூண்டில் போட நினைப்பவர்கள் மீன்பிடி உரிமத்தை இணையத்தில் வாங்கிவிட வேண்டும். சின்ன ஊர்களில் சமையலறை எட்டு மணிக்கே மூடிவிடும், இரவுச் சாப்பாட்டை நம்மூர் நேரத்துக்கு ஒத்திப்போட்டால் பட்டினிதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பெகா, மெரிம்புலா, ஈடன் ஏன் இல்லை, அங்கே திமிங்கில அருங்காட்சியகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அத்தானும் அதைத்தான் கேட்டார். ஆனால் நருமாவுக்குத் தெற்கே போகும் ஒவ்வொரு மணியும் திரும்பி வரும்போது இன்னொரு மணியாக வசூலாகும். அது ஜெர்விஸ் குடாவின் அந்தச் சும்மா இருந்த மதியத்திலிருந்துதான் பிடித்தமாகும். உங்கள் அட்டவணையை எடுங்கள், அதில் பாதி ஊர்களை அடியுங்கள். மிச்சம் இருப்பதிலும் மனம் வராத ஒன்றை அடியுங்கள். பிறகு அறை முன்பதிவு செய்யுங்கள். அடித்த ஊர்களெல்லாம் அடுத்த முறை அங்கேயேதான் இருக்கும்.